ஊட்டி முதலிலா, பிளாக் தண்டர் முதலிலா? பழைய பி.டி. வாத்தியார் ஒருவரின் பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மே மாதத்தில் மூன்று நாள், மதுரையிலிருந்து ஒரு வேன், பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நான்கு பேர். பிள்ளைகளில் ஆறு வயதுக்காரன் மலைப்பாதை என்றாலே வாந்தி எடுப்பவன். கூடவே எழுபது தாண்டிய அம்மா, அடுப்பு சிலிண்டரோடு சமையல் சாமான். ஊட்டியும் பார்க்க வேண்டும், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்காவுக்கும் போக வேண்டும். எது முதலில், ஒரே நாளில் இரண்டையும் முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரிகளுக்கு நடுவே படித்தால், சின்னவன் வாந்தியும் அம்மாவின் முட்டியும் மச்சினனின் அவசரமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் ஊர் திரும்ப வழி உண்டா என்பதுதான் உங்கள் கவலை என்று தெரிகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் டிராவல்ஸ் நடத்துபவனும் இல்லை, மருத்துவரும் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.டி. வாத்தியார் வேலையில் எழுதாத விதி ஒன்று உண்டு: ஆண்டுதோறும் சுற்றுலா பஸ்ஸில் விசிலோடு முன்சீட்டில் ஏற வேண்டியது அவர்தான். கணக்கு வாத்தியார் பணம் பார்த்துக்கொள்வார், தமிழம்மா அந்தாக்ஷரி நடத்துவார், வாந்திக் கவரும் தலை எண்ணுவதும் என் இலாகா. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் “டூர்” என்றாலே பாதி ஆண்டு ஊட்டியும் பிளாக் தண்டரும்தான். அதனால் இந்த இரண்டு இடத்தையும் எப்படிக் கோத்தால் ஒழுங்காக வரும், எப்படிக் கோத்தால் சொதப்பும் என்பது எனக்கு அத்துப்படி. கட்டணம், நேரம் போன்றவற்றில் மட்டும் என்னை நம்ப வேண்டாம். அவை மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடிப் பதில்: மலை முதலில், தண்ணீர் கடைசியில். ஒரே நாளில் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீர்ப் பூங்கா காலை பத்து மணிவாக்கில் களைகட்டத் தொடங்கி மாலை ஐந்து, ஆறுக்குள் அடங்கும். காசு கொடுத்து உள்ளே போன குடும்பம் விசில் ஊதும்வரை வெளியே வராது, இது எல்லா ஊர்க் குடும்பத்துக்கும் பொருந்தும். அப்புறம் உடை மாற்றி, ஒருவருடைய செருப்பைத் தேடி, பஜ்ஜி தின்று, வேனில் ஏறும்போது ஆறரை. அதற்குமேல் மலை ஏறினால் இருட்டு, பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவு. உள்ளே ஈரத்தலையோடு, நாளெல்லாம் குளோரின் தண்ணீரைக் குடித்த வயிற்றோடு பிள்ளைகள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஆக கீழே மாலையில் 30 டிகிரி இருந்தால் மேலே போய் இறங்கும்போது 17, 18. மே மாதத்திலும் ஊட்டியில் இரவு பன்னிரண்டு டிகிரி பக்கம் இறங்கிவிடும். ஈரத்தலையோடு அந்தக் குளிரில் இறங்கும் பிள்ளைக்கு மறுநாள் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேட்டாலே சொல்வார். குளிரினால் சளி பிடிப்பதில்லை, கிருமியால்தான் பிடிக்கிறது என்று விஞ்ஞான வாத்தியார் சண்டைக்கு வருவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் நடுங்கிக்கொண்டு தூங்காமல் அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த அவர் வரமாட்டார்.

ஒருமுறை எங்கள் பக்கத்து டிராவல்ஸ்காரர் ஒருவர் “காலையில் பூங்கா, ராத்திரி ஊட்டி ரூம்” என்று திட்டம் போட்டுக் கொடுத்து, தலைமை ஆசிரியரும் தலையாட்டிவிட்டார். மலைப்பாதையில் வரும் பர்லியாறு தாண்டுவதற்குள் பஸ்ஸின் பின்பாதி முழுக்க வாந்தி எடுத்துப் படுத்துவிட்டது. குன்னூரில் கடை திறந்து வைத்திருந்த ஒரு புண்ணியவான் எலுமிச்சம்பழம் மொத்தத்தையும் எங்களுக்கே விற்றார். அவருக்கு நல்ல வியாபாரம்.

தலைகீழாக, மலையை முதலில் வைத்தால் எல்லாம் இறக்கத்தில் போகும். கடைசி நாள் காலையில் மலையிலிருந்து கீழே வருகிறீர்கள், வெயில் உறைக்கும் நேரத்தில் தண்ணீரில் இறங்குகிறீர்கள், நனைந்தது நனைந்தபடி இருந்தாலும் சமவெளியின் வெக்கை காயவைத்துவிடும், பிள்ளைகள் வேனில் விழுந்து மதுரை வரை தூங்குவார்கள். இன்னொரு லாபமும் உண்டு. “கீழே போனதும் பிளாக் தண்டர்” என்ற ஒரு வாக்கை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பிள்ளைகளைத் தாவரவியல் பூங்காவில் நடக்க வைக்கலாம், சாப்பிட வைக்கலாம், நேரத்துக்குத் தூங்க வைக்கலாம். தண்ணீர்ப் பூங்காவை முதலில் முடித்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். சறுக்குமரத்தில் பறந்துவிட்டு வந்த பையனிடம் ரோஜாச்செடியைக் காட்டினால் அவன் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்து இறங்குகிறவர்கள், பகலில் பூங்கா, இரவு அங்கேயே தங்கல், மறுநாள் காலை 7.10 மலை ரயில் என்று வைத்துக்கொண்டால் அது நல்ல திட்டம்தான். ஈரத்தோடு மலை ஏறுவதில்லை, நடுவே ஒரு ராத்திரி தூக்கம் இருக்கிறது. ஆனால் அதற்கு நான்கு நாள் வேண்டும், ரயில் டிக்கெட்டும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு மூன்றே நாள், பதினொரு பேர். விட்டுவிடுங்கள்.

சரி, சின்னவன் விஷயத்துக்கு வருவோம், இதுதான் உங்கள் பயணத்தின் நடுமையம். காதின் உட்புறத்தில் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று சொல்லும் உறுப்பு இருக்கிறது. வேனுக்குள் முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கண் “நீ அசையவில்லை” என்கிறது, காது “சுற்றுகிறாய்” என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதுக்குமேல் பன்னிரண்டு வயதுக்குள் இது அதிகம், வளர வளரக் குறையும். அதனால் அவனைக் கோழை என்று அண்ணன்மார் கிண்டல் செய்தால் தடுத்துவிடுங்கள்.

உறுதியாகப் பலன் தருபவை எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். வேனில் முன்பக்கம், பாதை தெரியும் இடத்தில் உட்கார வைப்பது. பின் சக்கரத்துக்குமேல், கடைசி சீட்டில் ஒருபோதும் வைக்காதிருப்பது. போனைப் பிடுங்கிவிடுவது. தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வது. காற்று வரவிடுவது. வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் கூடாது. மேட்டுப்பாளையத்தில் பூரி, பொங்கல், வடை என்று வெளுத்துக்கட்டிவிட்டு ஏறாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், மீதியைக் குன்னூரில் சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே டிரைவர். வளைவில் பிரேக்கை மிதித்து, வளைவு முடிந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்துகிறவர் பத்து பேரைப் படுக்க வைத்துவிடுவார். ஒரே சீராக ஏறுகிறவர் வேனில் பாட்டுக்கூடப் பாடலாம். அவரிடம் முதலிலேயே “அண்ணே, அவசரமே இல்லை” என்று சொல்லிவிடுங்கள். மச்சினன் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

எலுமிச்சம்பழத்தை முகர்வது, இஞ்சி மரப்பா சப்புவது, தொப்புளில் எண்ணெய், கீழே செய்தித்தாள் விரித்து உட்காருவது, இவையெல்லாம் அடுத்த ரகம். இஞ்சிக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எலுமிச்சை மணம் மனதுக்கு ஆறுதல், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். செய்தித்தாள் ஒரே ஒரு வகையில் நிச்சயம் உதவும்: துடைக்கலாம். மாத்திரை விஷயத்தில் இரண்டே சொல்வேன். வாந்தி வந்தபிறகு கொடுத்துப் பயனில்லை, ஏறுவதற்கு அரைமணி, ஒருமணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். எந்த மாத்திரை, ஆறு வயதுக்கு எவ்வளவு என்பதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், மருந்துக்கடைக்காரரிடமோ என்னிடமோ கேட்காதீர்கள்.

என் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயண வாந்திக்கான பெரும்பாலான மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. கடைசி நாள் காலையில் இறங்குவதற்கு மாத்திரை கொடுத்தால், கீழே வந்து தூக்கக் கலக்கத்தோடு அவன் அலைக்குளத்தில் நிற்பான். அது ஆபத்து. அதனால் இறங்கும்போது மாத்திரை இல்லாமல், முன்சீட்டோடும் மெதுவான ஓட்டத்தோடும் முயன்று பாருங்கள். நான் பார்த்தவரை ஏற்றத்தைவிட இறக்கத்தில் பிள்ளைகள் சற்றுக் குறைவாகத்தான் படுக்கிறார்கள், ஆனால் உங்கள் பையன் அப்படித்தான் இருப்பான் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. மாத்திரை கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், பூங்காவில் அவன் நிழலில் படுத்து நன்றாகத் தூங்கி எழுந்து, மதியத்துக்குமேல் ஆழமில்லாத குளத்தில் விளையாடட்டும். சறுக்குமரத்தை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி பற்றி ஒன்று. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்குள்ளும் கொடைக்கானலுக்குள்ளும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தேவைப்படுகிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நீங்கள் போகும்போது என்ன விதி இருக்கிறது என்று பார்த்து, அறை போடும் முன்பே பாஸ் எடுத்துவிடுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் பாதித் தலைவலி போகும். பிளாக் தண்டர் மலையடிவாரத்தில், கோவை மாவட்டத்தில் இருப்பதால் அதற்கு மட்டும் போகிறவர்களுக்குப் பாஸ் வேண்டியதில்லை. சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நீலகிரியில் அதற்குத் தடை. வீட்டிலிருந்தே சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போகக் குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. கோடை சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். குன்னூர் வழி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், கோத்தகிரி வழி அதைவிடச் சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். இறங்கும்போது வண்டியை இரண்டாம் கியரில் போட்டு என்ஜின் பிடியில் விட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம், இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். மலை பழகிய டிரைவருக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் மட்டும் ஓட்டியவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள், இதில் சங்கோஜம் வேண்டாம்.

முதல் நாள் விடிவதற்குள் மதுரையை விட்டால் பத்து, பதினொரு மணிக்கு மலையடிவாரம். ஏறிக் குன்னூரில் நிறுத்துங்கள். அங்கே 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா இருக்கிறது. ஊட்டிப் பூங்காவைவிடக் கூட்டம் குறைவு, மரங்கள் அருமை. வேனிலிருந்து இறங்கிய வயிறுகள் தெளிய ஒரு மணி நேரம் அங்கே உலாவினால் போதும். காது அடைத்திருந்தால் கவலை வேண்டாம், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். அதே காரணத்தால் கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பலூனாக ஊதியிருக்கும், பிள்ளைகளிடம் காட்டினால் ஓர் அறிவியல் பாடம் இலவசம். அன்று மாலை ஊட்டி போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். முதல் நாளிலேயே ஏரி, பூங்கா, சாக்லேட் கடை என்று பட்டியல் போட்டால் இரண்டாம் நாள் யாருக்கும் கால் இருக்காது.

இரண்டாம் நாள் காலையில் சீக்கிரம் தாவரவியல் பூங்கா. 1848-இல் தொடங்கியது, மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வடிவமைத்தது. இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரக்கல் ஒன்று அங்கே கிடக்கிறது. பிள்ளைகள் அதைக் கல் என்பார்கள், தொட்டுப் பார்த்துவிட்டு மரம் என்பார்கள், இரண்டும் சரி. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும். பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் அந்த நாட்களில் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வாரத்தைத் தவிர்ப்பேன். பூங்கா முழுக்க ஏற்றம் என்பதால் அவர் கீழ்ப்பகுதிப் புல்வெளியோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஊட்டி உயரத்தில் காற்று சற்று மெலிந்துதான் இருக்கும், நலமாக இருப்பவர்களுக்கு அது தெரியாது. இதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் மட்டும் கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. காலையில் போனால் காட்சி, மதியம் போனால் பெரும்பாலும் மேகத்துக்குள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா இரண்டில் ஒன்றைக் காலைக்குத் தேர்ந்தெடுங்கள். ஏரி இயற்கையானது என்று பலர் நினைக்கிறார்கள். 1820-களில் ஜான் சல்லிவன் என்ற கோவை கலெக்டர் அமைத்தது அது. படகுத்துறை வரிசை நீளமாக இருந்தால் கரையோரம் மிளகாய் பஜ்ஜியோடு முடித்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

மதியம் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து முழு ரயில் கிடைத்தால் சொர்க்கம்தான்: 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 208 வளைவு, 16 குகை. கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம் பதித்து, என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். என்ஜின் பின்னால் நின்று தள்ளும். 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை ஓடத் தொடங்கியது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் மே மாதத்தில் பதினொரு பேருக்கு ஒன்றாக டிக்கெட் என்பது லேசில் கிடைக்காது. அதனால் ஊட்டியிலிருந்து குன்னூர்வரை மட்டும் முயலுங்கள். பத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் சொச்சம். வேனைக் குன்னூரில் காத்திருக்கச் சொல்லி ஏறித் திரும்பி வந்துவிடலாம். பற்சட்டம் இந்தப் பகுதியில் கிடையாது, நீராவி என்ஜினும் கிடையாது, டீசல்தான் இழுக்கும். புகை விடுகிற என்ஜினைப் பார்க்க ஆசை என்றால் குன்னூர் நிலையத்தில் நின்று பாருங்கள். சின்னவனுக்கு ஒரு நல்ல செய்தி: மலை ரயிலில் வாந்தி எடுத்த பிள்ளைகளை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அத்தனை மெதுவாகப் போகும்.

சமையல் சாமான் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபிப்பார். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 93-க்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு நேரமெடுக்கும், பருப்பு வேகவே வேகாது போலத் தோன்றும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள். இன்னும் நல்லது, அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுவது. புளியோதரையும் சப்பாத்தியும் முதல் நாளைக்குத் தாங்கும், மற்ற இரண்டு நாளும் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அண்ணியும் மனைவியும் கூடச் சுற்றுலாவுக்குத்தானே வருகிறார்கள். காட்டோரம் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டுவது மட்டும் கூடவே கூடாது. கோடையில் ஒரு பொறி போதும், காடே பற்றிக்கொள்ளும். பர்லியாறு பக்கம் குரங்குகள் வேறு உங்கள் பையைத் திறக்க உங்களைவிட நன்றாகத் தெரிந்தவை.

கடைசி நாள். எட்டு மணிக்குள் ஊட்டியை விட்டால் பத்தரை வாக்கில் பூங்கா வாசல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரை அங்கேயே பெயர் சொல்லி ஒப்படையுங்கள். “எல்லாரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், இது நான் விசில் ஊதி ஊதிக் கற்றது. அலைக்குளத்தில் அலை விட்டுவிட்டுத்தான் வரும். அலை எழும் நேரத்தில்தான் கூட்டமும் கூச்சலும், அப்போது சின்னவன் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். காற்றடைத்த டியூப் விளையாட்டுப் பொருள், உயிர்காப்புச் சட்டை ஆகாது. பிள்ளைகளின் கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள், தண்ணீரில் அழிய அழியத் திரும்ப எழுதுங்கள். உள்ளே போகும்முன் நான்கு பேரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், காணவில்லை என்று தேடும்போது என்ன சட்டை என்று குழம்ப வேண்டியதில்லை.

தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்தி உடையோடு இறங்க விடுவதில்லை, நைலான் மாதிரியான உடை கேட்பார்கள். அங்கே வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் வரிசையில் நின்று அளவு பொருந்தாத ஒன்றை வாங்குவதைவிட வீட்டிலிருந்தே எடுத்துப்போவது நல்லது. கொலுசு, தோடு, தாலிக்கொடி தவிர மற்ற சங்கிலி எல்லாவற்றையும் மதுரையிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். சறுக்குமரத்தில் உயர அளவுகோல் வைத்திருப்பார்கள். ஆறு வயதுக்காரனை எக்கி நிற்கச் சொல்லி ஏமாற்றாதீர்கள், அந்த அளவு அவன் கழுத்தைக் காப்பாற்ற வைத்தது. கனமானவர்கள் பெரும்பாலும் வேகமாக வந்து விழுவார்கள். உங்கள் மச்சினன் முன்னால் போகட்டும், பிள்ளைகள் இடைவெளி விட்டுப் பின்னால் வரட்டும்.

அம்மாவை என்ன செய்வது? ஆட்டம் ஆடாவிட்டாலும் உள்ளே வர டிக்கெட் கேட்கும் பூங்காக்கள் உண்டு, முதலில் விசாரியுங்கள். எனக்குத் தோன்றுவது, மேட்டுப்பாளையத்தை ஒட்டிப் பவானிக் கரையில் இருக்கிற தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கு யாராவது ஒருவர் அவரை அழைத்துப் போவது. அம்மா சந்தோஷமாகத் திரும்புவார். ஆனால் ஆற்றில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால், அமைதியாக இருக்கிற ஆறு சட்டென்று ஏறிவிடும். எச்சரிக்கைப் பலகை இருந்தும் ஆண்டுதோறும் அங்கே உயிர் போகிறது. கட்டணம் கட்டிக் குளிக்கத்தான் பூங்கா இருக்கிறதே.

நான்கு மணிக்கு எல்லாரையும் கரையேற்றுங்கள். ஆறு வரைக்கும் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள், நான்கு என்று முதலிலேயே சொல்லிவைத்தால் நாலரைக்கு நடக்கும். மதுரைக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும், எல்லாரும் தூங்கிப்போகிற வேனில் விழித்திருக்க வேண்டியவர் ஒருவர்தான். அதனால் பூங்காவுக்குப் போனதும் முதல் வேலையாக டிரைவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நிழலில் வண்டியை நிறுத்தித் தூங்கச் சொல்லுங்கள். பாசத்தில் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்து சறுக்குமரத்தில் ஏற்றிவிடாதீர்கள்.